சுகுணா வீட்டுக்கு எடுத்துப் போன கறிச்சோறு

1

இந்தக் கோடையோடு நான் இங்கிலாந்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. வார்டில் கேக் வெட்டினார்கள். என்னோடு ஒரே விமானத்தில் வந்த சுகுணாவையும் பக்கத்து வார்டிலிருந்து கூட்டி வந்தார்கள். இருவர் கையையும் ஒரே கத்தியின் மேல் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே யாரிடமாவது சொல்லலாமென்றால் முதலில் நம் ஊரையே விளக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் எனக்கே சலித்துவிடும். ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். இருவருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வருஷா வருஷம் ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் எங்கள் வார்டுக்காரர்கள் கரி அடுப்பு மூட்டிக் கறி சுடுவார்கள். கோடை என்று இவர்கள் சொல்வது நமக்கு மார்கழி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மழை வருமா என்று மேலே பார்த்துக்கொண்டே கோழித் தொடையும் ஆட்டுக்கறியும் சுட்டுச் சாப்பிடுவார்கள். பாதிக்கு மேல் மிஞ்சும். மிஞ்சியதைக் கறுப்புப் பையில் கொட்டிக் கட்டிவிடுவார்கள்.

வந்த முதல் வருஷம் அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வார்டின் தலைமை நர்ஸிடம் போய், "ரிமெயின்ஸை நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். புல்வெளியில் இருந்த எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மீதி என்று நினைத்து நான் சொன்ன சொல்லுக்கு, ஆஸ்பத்திரியில் பிணம் என்றுதான் அர்த்தமாம். சுகுணாதான் என் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஆனாலும் கறியை விடாமல் எடுத்து வந்தோம்.

அன்று ஆஸ்பத்திரிக் குடியிருப்பின் பொதுச் சமையலறையில், காலையில் வடித்து ஆறிப்போயிருந்த சோற்றில் அந்தக் கறியைப் போட்டு வறுத்தேன். சுட்ட கறியைக் கத்தியால் வெட்டக் கூடாது. நார் போகும் பக்கம் பார்த்துக் கையால் பிய்க்க வேண்டும். இவர்கள் தடவும் இனிப்புச் சாஸைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். கொழுப்பும் தோலும் இருக்கும் துண்டுகளை முதலில் வாணலியில் போட்டால் அதிலிருந்தே எண்ணெய் விடும். அந்த எண்ணெயில் நசுக்கிய பூண்டு, கிள்ளிய காய்ந்த மிளகாய், கிடைத்தால் கறிவேப்பிலை. வெங்காயம் சிவந்ததும் கறி, கறி சூடானதும் சோறு. தீயைக் குறைக்காமல் கிளற வேண்டும். உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் கறியில் ஏற்கெனவே இருக்கும். இறக்கியபின் எலுமிச்சை.

தட்டு எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் இருவரும் வாணலியிலேயே கைபோட்டுச் சாப்பிட்டோம். அடியில் ஒட்டியிருந்த தீய்ந்த சோறு தனக்குத்தான் என்று சுகுணா சண்டை போட்டாள்.

2

இந்தச் சோறு எனக்குப் புதிதில்லை. சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவில், எல்லைக்கு ஆந்திரா பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர் என்று சொல்கிறேனே தவிர நாங்கள் இருந்தது காலனி. நைனா பங்காருபாளையம் மாந்தோப்புகளுக்குக் கூலிக்குப் போவார். அம்மா மாம்பழக் காலத்தில் சித்தூர் கூழ் ஃபேக்டரியில் பழம் நறுக்கவும், மற்ற மாதங்களில் ஊருக்குள் வீட்டு வேலைக்கும் போவாள். கங்கம்மா கோயில் ஜாத்திரைக்குத் தெருவில் ஆடு வெட்டினால், மிஞ்சிய கறியைக் கம்பியில் கோத்துக் கனலில் சுட்டு வைப்பார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் அப்படிச் சுட்டு வைத்தால்தான் மறுநாள் வரைக்கும் கெடாது. மறுநாள் காலையில் அம்மா அதைப் பிய்த்துப் பழைய சோற்றில் போட்டு வதக்குவாள்.

திருப்பதியில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தபோது தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் அமெரிக்கா போய்க்கொண்டிருந்த காலம். பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சுவரெல்லாம் விசா விளம்பரம். சேர்ந்த முதல் வாரம் ஆபீஸ் குமாஸ்தா வகுப்புக்குள் வந்து, ஃபீஸ் சலுகை உள்ளவர்களின் பெயரையும் எந்தப் பிரிவு என்பதையும் தெலுங்கில் உரக்கப் படித்தார். என் பெயர் வந்ததும் எழுந்து நின்றேன். மத்தியானம் மெஸ்ஸில் என் பெஞ்சில் நான் மட்டும்தான் இருந்தேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்த பெண்தான் சுகுணா. புத்தூரில் நிலபுலன் உள்ள தமிழ்க் குடும்பம். காலையில் என் பெயரோடு படித்ததை அவளும் கேட்டிருந்தாள். அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

"நீ தமிழா? அப்பாடா. இங்க எல்லாரும் தெலுங்குலயே பேசிக்கினு இருக்காங்க, எனக்கு வாயே வலிக்குது" என்றாள்.

அந்த ஒரு பேச்சுக்காக நான் அவளுக்கு என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். ஜாத்திரை முடிந்து ஆஸ்டலுக்குத் திரும்பும்போது அம்மா கட்டிக்கொடுத்த கறிச்சோற்று டப்பாவை முதன்முதலில் திறந்து நீட்டியதும் அவளிடம்தான். ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இவ்ளோ நல்லாக்கீது" என்று டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதன்பிறகு நான் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் என் பையைத்தான் முதலில் துழாவுவாள்.

இங்கிலாந்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்ததும் சேர்ந்தே விண்ணப்பித்தோம். சென்னைக்குப் போய் ஆங்கிலப் பரீட்சை எழுதினோம். நான் ஒருமுறை தவறினேன். அவள் தேறியிருந்தும் எனக்காகக் காத்திருந்தாள். அதையும் நான் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

3

இந்த நாட்டில் எந்தத் தாளை நிரப்பினாலும் நீ எந்த இனம் என்று ஒரு கேள்வி வரும். வீட்டு வாடகைக்கு, மருத்துவருக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் வரும். இந்தியர் என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். முதல் மாதம் வெளிநாட்டவர் பதிவுக்காகக் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றபோது, நானும் சுகுணாவும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

பிறகு இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. நான் சித்தூர்க்காரர் ரவியைக் கட்டிக்கொண்டு இங்கே வரவழைத்தேன். அவர் பார்சல் கிடங்கில் வேலை செய்கிறார். சுகுணாவுக்குப் புத்தூரிலேயே சொந்தத்தில் பார்த்தார்கள். இரண்டு தெரு தள்ளித் தள்ளி வீடு வாங்கினோம். என் மகன் அருண், அவள் மகள் நிகிதா. பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அருணுக்கு இப்போது நான் மிளகாய் வதக்கினாலே ஆகாது. ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டுத் தன் சட்டைகளை வேறு அறைக்கு எடுத்துப் போய்விடுவான்.

சுகுணா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வருவது சனிக்கிழமைகளில்தான். ஏழுமலையானுக்கு உகந்த நாள், வீட்டில் கவுச்சி கிடையாது, வெளியிலும் சாப்பிடுவதில்லை என்பாள். திருப்பதிப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அதில் சந்தேகம் வராது. டீ குடிப்பார்கள், பாக்கெட் பிஸ்கட் எடுப்பார்கள், வாழைப்பழம் உரிப்பார்கள். அவர்களுக்காக நான் பாக்கெட் பிஸ்கட்டில் நல்லதாகத் தேடி வாங்கி வைப்பேன்.

அவர்கள் வீட்டுக்கு நான் எடுத்துப் போவது கறிச்சோறு. ஆகஸ்டில் வார்டு விருந்து முடிந்ததும் ஒருமுறை, இடையில் எங்கள் தோட்டத்தில் கறி சுடும்போதெல்லாம் ஒருமுறை. பெரிய டப்பா நிறையப் போட்டு, மேலே பொரித்த முட்டை வைத்து, சூடு ஆறாமல் துண்டில் சுற்றி எடுத்துப்போவேன். சுகுணா வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். "வாசனையே ஆளத் தூக்குதுடி, அப்புறமா துன்றேன்" என்பாள். டப்பா பளபளவென்று கழுவித் திரும்பி வரும். உள்ளே நாலு முறுக்கோ கொஞ்சம் சர்க்கரையோ இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் காலி டப்பாவாகத் திருப்பித் தந்ததில்லை.

4

கேக் வெட்டிய அடுத்த வாரம் வார்டு விருந்து. வழக்கம்போல மீதியை எடுத்து வந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் சனிக்கிழமை. சுகுணாவுக்கு டூட்டி, அவள் கணவர் ஊரில் இல்லை. இந்த வருஷம்தான் முதன்முறையாகப் புத்தூரிலிருந்து வந்திருந்த அவள் மாமியாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நிகிதாவை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வந்து வீட்டில் விட முடியுமா என்று சுகுணா போனில் கேட்டாள். நான் கூட்டி வந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டதால் எங்கள் வீட்டில் நிறுத்தினேன்.

தலை ஈரம் காயாமல் அந்தப் பெண் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். நீந்திவிட்டு வந்த பசி முகத்தில் தெரிந்தது. நான் கறிச்சோறு கிளறிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமையாயிற்றே, அம்மா ஏதும் சொல்வாளா, வேறு ஏதாவது தரட்டுமா என்று கேட்டேன். சனிக்கிழமைக்கு என்ன என்று அவள் திருப்பிக் கேட்டாள். தன் வீட்டில் சனிக்கிழமைதான் பீட்சா வரும், தனக்குக் கோழி போட்டது, அப்பாவுக்கு இறைச்சி அதிகம் போட்டது என்றாள்.

கையில் கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு கிளறினேன். தட்டில் போட்டுக் கொடுத்தேன். ஆவலாகச் சாப்பிட்டாள், இன்னொரு முறை கேட்டு வாங்கினாள். சாப்பிட்டுக்கொண்டே அலமாரியில் இருந்த பெரிய டப்பாவைப் பார்த்துவிட்டு, அந்த டப்பாவில் வருவது இதுதானா என்று கேட்டாள்.

இதுதான், நீதான் ஒவ்வொரு வருஷமும் சாப்பிடுகிறாயே என்றேன்.

இல்லையே, நான் சாப்பிட்டதே இல்லை என்றாள். அம்மா தர மாட்டார்களாம். நீங்கள் போனதும் அம்மா அதை உணவுக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவார்கள், எப்போதுமே அப்படித்தான் என்றாள். இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஒளித்துவைத்துச் சாப்பிட்டிருப்பேனே என்று சிரித்தாள்.

நான் நர்ஸ். சுட்ட கறியையும் ஆறிய சோற்றையும் மறுபடி சூடாக்கினால் சிலருக்கு வயிற்றுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும், சுகுணாவுக்கும் தெரியும். பிள்ளைக்குப் பயந்து கொட்டியிருப்பாள் என்று மனசு அவசரமாக ஒரு காரணம் தேடி எடுத்து வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். ஆனால் அந்தப் பெண் மறைக்கத் தெரியாத வயசு. இன்னொன்றும் சொன்னாள். டப்பாவை மட்டும் அம்மா வீட்டுக்குள் கழுவ மாட்டார்களாம். தோட்டத்துக் குழாயில் கழுவி, வெளியே சுவர்மேல் கவிழ்த்து வைப்பார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, அது ஆன்ட்டியுடைய டப்பா, கலந்துவிடும் என்றார்களாம்.

அவள் இங்கே பிறந்தவள். என்ன சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். என் அம்மா வேலைக்குப் போன வீடுகளில் அவளுக்கென்று ஒரு அலுமினியத் தம்ளர் வெளிச்சுவரில் கவிழ்ந்திருக்கும். சின்ன வயதில் அம்மாவோடு போனால் எனக்கும் அதில்தான் தண்ணீர். அந்தச் சுவரிலிருந்து இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

மழை விட்டதும் நிகிதாவை வீட்டில் விட்டேன். மாமியார் கதவைத் திறந்து, உள்ளே வந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வேலை இருக்கிறது என்று சொல்லித் திரும்பினேன்.

5

ரவியிடம் அன்றே சொன்னேன். அவருக்கு ஆச்சரியம் வரவில்லை. செருப்பைக் கழற்றியபடியே தலையைக் குனிந்துகொண்டார். எப்போதோ ஒருமுறை சுகுணா வீட்டுக் கார் கிளம்பாமல் உதவிக்குப் போனபோது, டப்பா தோட்டத்துச் சுவரில் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ அவ்ளோ சந்தோஷமா எடுத்துக்கினு போவ. எப்பிடிச் சொல்றது?"

அவர் என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொல்லாமல் இருந்தார். எனக்குத் தெரிகிறது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல், நான் டப்பாவைத் துண்டில் சுற்றிச் சுற்றி எடுத்துப் போயிருக்கிறேன். அன்று அவரோடும் பேசப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து சுகுணாவின் காரில்தான் ஏறினேன். எப்போதும் அவள்தான் என்னைக் கொண்டுபோய் விடுவாள். அவள் பெல்ட்டை இழுக்கும்போது சொன்னேன்.

"நிகிதா எங்க வீட்ல கறிச்சோறு துன்னா. சனிக்கிழம."

பெல்ட் பாதியில் நின்றது. நன்றாக இருந்ததா என்றோ, அதிகம் போட்டாயா என்றோ கேட்கவில்லை. "இன்னா சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, தோட்டத்துக் குழாய், சுவர், பீட்சா. கார் நிறுத்தத்தில் ஆட்கள் எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள். இருவரும் பதிலுக்குக் கையசைத்தோம்.

"எங்க அத்தைக்கு இதெல்லாம் ஆவாதுடி. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"உங்க அத்தை இந்த வருஷந்தான வந்துக்கிறாங்க."

சுகுணா சாவியைத் திருப்பினாள், மறுபடி அணைத்தாள். பிறகு குரல் உயர்ந்தது.

"நான் துன்னாம இருந்துக்கிறனா? ஆஸ்டல்ல உன் டப்பாவுல எத்தினி வாட்டி துன்னுக்கிறேன்? குவார்ட்டர்ஸ்ல ஒரே வாணல்ல துன்னல?"

"துன்ன. அதான் கேக்கறேன்."

"அது நான் துன்னது. பொண்ணு துன்றது வேறடி. நாளைக்கு அவளுக்குப் புத்தூர்லதான் பாக்கணும். எங்க ஆளுங்க எல்லாம் கேப்பாங்க. யார் வீட்டோட பழக்கம், எங்க துன்னு வளந்தான்னு. அப்போ நான் இன்னான்னு சொல்றது?"

நிகிதாவுக்கு இன்னும் உயர்நிலைப் பள்ளியே தொடங்கவில்லை. புத்தூரை இரண்டு முறை விடுமுறையில் பார்த்திருக்கிறாள்.

சுகுணா அழ ஆரம்பித்தாள். என் மனசு நோகக் கூடாது என்றுதான் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாளாம். முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேனா என்று கேட்டாள். அவள் உண்மையாகவே அதை நம்புகிறாள் என்று தெரிந்தது. குப்பையில் கொட்டியதை எனக்குச் செய்த நன்மையாக இத்தனை வருஷம் மனசில் வைத்திருக்கிறாள். மெஸ்ஸில் எதிரில் வந்து உட்கார்ந்த பெண்ணும் இவள்தான். அந்தப் பெண்ணை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. யாரோ ஒருத்தி செய்திருந்தால் ஊர்ப் புத்தி என்று தள்ளியிருப்பேன்.

"சொல்லியிருக்கலாம் சுகுணா" என்றேன். காரிலிருந்து இறங்கி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

6

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை என்று சொல்ல முடியாது. ஒரே ஆஸ்பத்திரி. நோயாளியை மாற்றும்போது பேசுவோம். படுக்கை எண், மருந்து, ரத்த அழுத்தம். வார்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இப்போதும் எங்களை இரட்டையர் என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. இதில் நான் வெட்கப்பட எதுவும் இல்லை என்று தெரியும். ஆனாலும் அவள் வாசலில் டப்பாவோடு நின்ற ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது. அவள் பிரசவமாகிப் படுத்திருந்தபோது காரம் குறைத்துப் பூண்டு நிறையப் போட்டு எடுத்துப்போனது நினைவுக்கு வந்தது. நாலு முறுக்கை எவ்வளவு சந்தோஷமாக எண்ணி அருணுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அருணுக்கு நானே சொன்னேன். காலனி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஊரைப் பற்றி அவனுக்கு நான் சொல்லியிருந்ததெல்லாம் மாந்தோப்பும் மலையும்தான். அவன் ஆங்கிலத்தில் நிறையக் கேள்வி கேட்டான். சிலவற்றுக்கு எனக்குத் தமிழிலேயே பதில் இல்லை. அடுத்த வாரம் நண்பர்களைக் கூட்டி வந்து தோட்டத்தில் கறி சுட்டான். மறுநாள், மிஞ்சியதில் அந்தச் சோறு செய்து தா, எப்படிச் செய்கிறாய் என்று நானும் பார்க்கிறேன் என்று வந்து நின்றான். கறியை அவனையே பிய்க்கச் சொன்னேன். அன்று அவன் ஜன்னலைத் திறக்கவில்லை.

சோற்றைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தபோது பின்கதவு தட்டும் சத்தம். சுகுணா. ஆஸ்பத்திரி உடுப்பை மாற்றாமல் வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் கூப்பிடுவதற்குள் உள்ளே வந்து மேஜையில் உட்கார்ந்தாள். அருண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மாடிக்குப் போனான்.

"பசிக்குதுடி. போடு, துன்றேன்" என்றாள்.

என் கை பழக்கத்தில் தட்டை எடுத்துவிட்டது. உண்மையைச் சொல்வதென்றால், அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி மனசு கரைந்துவிட்டது. தட்டோடு திரும்பும்போதுதான் ஜன்னல் வழியாகப் பின்தெருவில் அவள் கார் கண்ணில் பட்டது. பின்சீட்டில் நிகிதா உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிகிதா வண்டியிலயா உக்காந்துக்கிறா?" என்றேன்.

"ஆமா. நீச்சல் முடிஞ்சி நேரா வரோம்."

"அவளையும் கூப்புடு. பசியா இருக்கும்."

சுகுணா எழுந்திருக்கவில்லை. மேஜையில் வைத்திருந்த கார்ச் சாவியை இழுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவ துன்னுட்டா" என்றாள். "நீ எனக்குப் போடேன்."

நான் தட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன். அடுப்பை அணைத்தேன்.

"மீதி இல்ல சுகுணா" என்றேன்.

வாணலி நிறையச் சோறு இருந்தது. ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. சுகுணா அதைப் பார்த்தாள். பிறகு அவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் பின்கதவு வழியாகப் போனாள்.

கார் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து நிகிதா என்னைப் பார்த்துவிட்டாள். ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துப் பெரிதாக ஆட்டினாள். நானும் கையை ஆட்டினேன்.